கழற்றி வைத்த சிம் கார்டு

ஏற்காடு மலையில், வாழவந்திக்குக் கீழே நான் வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் போன் எடுக்கும். காப்பிப் பழம் காயப்போடும் சிமெண்டுக் களத்தை ஒட்டிய மேட்டில் ஒரு சில்வர் ஓக் மரம் நின்றது. அதன் அடியில் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். மரத்தை விட்டு நகர்ந்தால் அதுவும் போய்விடும். அதனால் காலையில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பேர் கூப்பிட்டு முடித்ததும், சரிவில் இறங்கும் முன் எல்லோரும் தங்கள் போனை அந்த மரத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள். அடிமரத்தைச் சுற்றி ஆணிகள் அடித்திருந்தார்கள். மஞ்சப்பை, மருந்துக்கடைக் கவர், குழந்தையின் பழைய காலுறை, எது கிடைத்ததோ அதில் போனைப் போட்டுத் தொங்கவிடுவது. நான் போய்ச் சேர்ந்த அன்றே எனக்கும் ஓர் ஆணி ஒதுக்கினார்கள். கூலிக்காரர்கள் தங்கும் லைன் வீட்டில் படுக்க இடம் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

மணி அடித்தால் எடுத்துப் பேசுவது களத்தம்மா. நாள் முழுக்கக் களத்தில் நின்று மரப்பலகையால் காப்பியைத் துழாவிக் காயவிடுகிறவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். எந்தப் பாட்டு அடித்தால் யாருடைய போன் என்று அவருக்குத் தெரியும். "ஏனுங்க, ஆளு வேலைல இருக்குதுங்க, என்ட்டச் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். அவசரம் என்றால் சரிவைப் பார்த்துக் கத்துவார். இல்லையென்றால் தானே பேசி முடித்துவிடுவார். முடிக்கும்போது, பேசுகிறவர் யாராக இருந்தாலும் ஊட்டுக்கு வாங்க என்று அழைத்து, வழியும் சொல்வார். லோன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணுக்கு அவர் வழி சொன்னதை நானே கேட்டேன்.

"சேலத்துல ஏற்காடுன்னு போர்டு பாத்ததும் ஏறிறாத கண்ணு. அது அடிவாரம் வழியா மேல போயிட்டுச் சுத்தும். குப்பனூர் வழி வர்ற பஸ்ஸாக் கேட்டு ஏறு. வாழவந்தில எறங்கிக் காப்பிக் களம் எதுன்னு கேட்டா ஆருனாலும் காட்டுவாங்க."

பதிவு செய்து வைத்த விளம்பரக் குரலுக்கும் ஒருமுறை இதையே சொன்னார். "என்ன கூப்பிட்டாலும் அவ பாட்டுக்குப் பேசிட்டே இருக்கறா, நொம்ப ராங்கி" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். போர்வெல் லாரியில் குழாய் தூக்கிக்கொண்டு வடக்கே பல மாநிலம் போயிருக்கிறேன். ஜவ்வரிசி மில்லில் கிழங்கு கழுவியிருக்கிறேன். ஹோட்டலில் மாவு அரைத்திருக்கிறேன். ஓர் இடத்தில் கொஞ்ச காலம் இருந்தால் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஆத்தூர்ப் பக்கம் இருந்த வீடும் சொந்தக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. அதனால் எனக்கு விலாசம் என்று ஒன்று கிடையாது. மாறாமல் இருந்தது போன் நம்பர் ஒன்றுதான்.

என் அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அவள் கையில் போன் கிடையாது. அந்த வீட்டுக் கார் டிரைவர் ஒரு மலையாளி. காய்கறி வாங்கப் போகும்போது நல்ல மனசு வந்தால் தன் போனைக் கொடுப்பார். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் என்னுடையது மட்டும். அவளாகக் கூப்பிட்டால்தான் பேச்சு. நானாகக் கூப்பிட்டு டிரைவர் வேலைக்கு உலை வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பழம் பறித்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து களத்தம்மாவின் குரல் வந்தது.

"குவைத்து! சாமீ, குவைத்து வந்திருக்குது!"

செடிகளுக்கு நடுவே விழுந்தடித்து ஏறி ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் களத்தம்மா அக்காவோடு பாதி உலகக் கதையைப் பேசியிருந்தார். போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"பொங்கலுக்கு முன்னாடி அனுப்பிருவாங்களாட்ட இருக்குது தம்பி" என்றாள் அக்கா. "டிக்கெட்டுப் போட்டதும் கூப்புடறேன். நீதான் வந்து கூட்டிட்டுப் போவோணும். எனக்கு எங்க போறதுன்னே தெரியாது."

"வந்துர்றேன்க்கா."

"நம்பர மட்டும் மாத்திப்போடாத சாமி."

அதற்குள் டிரைவர் வாங்கிக்கொண்டார். நான் களத்தம்மாவிடம் கோபித்துக்கொண்டேன். வெளிநாட்டுக் கால், இருக்கிற கொஞ்ச நேரத்தையும் நீங்களே பேசித் தீர்த்தால் எப்படி என்றேன்.

"என்ன பேசிப்போட்டேன்? ஊட்டுக்கு வான்னு சொன்னேன். அது ஒரு தப்பா?" என்று பலகையை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் போய்விட்டார்.

அந்த மாதத்திலிருந்துதான் வதந்தி ஏற ஆரம்பித்தது. மஞ்சக்குட்டையிலிருந்து வந்துபோகும் ஜீப்காரர்தான் பெரும்பாலும் கொண்டுவருவார். அங்கே புது டவருக்குக் குழி தோண்டுகிறார்கள், மாரமங்கலம் ரோட்டில் கேபிள் சுருள் இறக்கியிருக்கிறார்கள், ஃபைவ் ஜி வரப்போகிறது, ஒரு சினிமாவைக் கண்மூடித் திறப்பதற்குள் போனுக்குள் இறக்கிவிடலாம். கூடவே புதுப் போன் பற்றிய பேச்சு. பொங்கல் கழிந்ததும் ஒரு போன் வருகிறதாம். வாங்கியவர் ஒருவரும் இல்லை. ஆனால் எல்லோரும் வீடியோவில் பார்த்திருந்தார்கள்.

"ரெண்டா மடிச்சு மடில சொருகிக்கலாமுங்க. ஒடியாது" என்றார் ஜீப்காரர், டீ நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு.

"என்ற ஊட்டுக்காரரு மடிக்காத போனயே ஒடிச்சுப் போட்டாரு. மடிக்கிற போனக் குடுத்தா சுக்குச் சுக்காப் பண்ணிருவாரு" என்றாள் பழம் பறிக்கிற ஒரு பெண்.

"டவரே வேண்டாமுங்க அதுக்கு. வானத்துல இருந்து நேரா எடுக்கும்."

"அப்ப இந்த மரத்த வெட்டி வெறகாக்கிறலாமுங்களா?" என்றார் ரைட்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் போனுக்காகக் காத்திருந்தார்கள் என்பதும் உண்மை. கண்ணாடி உடைந்த போனை மாற்றாமல், பேட்டரி உப்பிய போனை நூலால் கட்டி வைத்துக்கொண்டு, வரட்டும் வரட்டும் என்றிருந்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஜீப்காரர் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார். புது டவர் ஓட ஆரம்பித்தால் பழையதை நிறுத்திவிடுவார்களாம். பட்டன் போனெல்லாம் சோப்பு டப்பாதான். பழைய சிம்மும் செத்துவிடும்.

என்னுடையது பட்டன் போன். சிம் அதைவிடப் பழையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனபோது ஏற்காட்டில் போன் கடைக்காரரைப் பார்த்தேன். சேலத்துக்காரர், மரியாதையாகப் பேசுவார். நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது வேற ஆரோ பேர்ல இருக்குதுங்ணா."

"நான்தாங்க வருசக்கணக்கா வெச்சிருக்கறேன்."

"வெச்சிருந்தா ஆவுதுங்களா? புது சிம்மு மாத்தோணும்னா பேர் இருக்கறவரு வந்து கைரேகை வெக்கோணும். அவரு எங்கீங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? வடக்கே போர்வெல் லாரியில் இருந்தபோது மேனேஜர் தன் பேரில் வாங்கிக் கையில் கொடுத்த சிம் அது. அவர் நின்று, லாரியும் கைமாறி, யார் எங்கே என்று தெரியாமல் போய்விட்டது. அன்று யார் பேரில் இருந்தால் என்ன, பேசினால் போதும் என்றிருந்தது.

"வேற நம்பரு வேணும்னா இப்பவே போட்டுத் தர்றனுங்ணா" என்றார்.

வேறு நம்பரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அக்காவுக்கு அதைச் சொல்ல வழியில்லை. அவளாகக் கூப்பிடும்வரை இந்தப் பழைய சிம் உயிரோடு இருந்தாக வேண்டும். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. டவரும்தான். எது முந்தும் என்பதே எனக்கு எந்நேரமும் நினைப்பாக இருந்தது. டீ நேரம் என்றில்லாமல், இடையிலும் ஏதாவது சாக்குச் சொல்லி மரத்துக்கு ஏறி வந்து பார்ப்பேன். ரைட்டர் இரண்டொரு முறை முறைத்தார். களத்தம்மா, "அடிச்சா நான் கூப்புட மாட்டனா? எனக்கென்ன காது போச்சா?" என்பார். பறித்த பையில் காயும் பழமுமாகக் கலந்து கிடந்து, பொறுக்கிப் போடச் சொல்லித் திரும்ப என்னிடமே வந்தது.

அப்போதுதான் ஜீப்காரர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை மாற்றுகிறார்களாம்.

"மாத்தற நேரத்துல பழைய சிம்மு போனுக்குள்ள இருந்துச்சுன்னா லாக் ஆயிருமாமுங்க. கழட்டி வெச்சுட்டமுன்னா தப்பிச்சுக்குமாம். புது லைன் வந்ததுக்கப்பறம் போட்டுக்கலாம்."

கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். மலையில் இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. சித்திரை மாதத்தில் மேகம் கறுத்தாலே எங்கள் லைனில் டிவி, மிக்சி, சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பிடுங்காமல் விட்ட வீட்டில் டிவி கருகியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வருவது வரும்போது வயரைக் கழற்றி வைத்திருந்தால் தப்பிக்கலாம் என்பது அங்கே அனுபவத்தில் கண்டது. சிம்மும் அப்படித்தான் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வியாழன் சாயங்காலம் பழைய போன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து சிம்மைக் கழற்றினோம். களத்தம்மா தன்னுடையதைக் குங்குமம் மடித்த தாளில் சுருட்டிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். நான் தீப்பெட்டியில் வைத்துச் சட்டைப்பையில் போட்டேன். வெள்ளிக்கிழமை மரத்தில் பாதி ஆணிகள் காலியாக இருந்தன. வேலை செய்யும்போதெல்லாம் தீப்பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இன்றைக்கென்று அக்கா கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. உள்ளே போட்டு லாக் ஆகிவிட்டால் என்றைக்குமே கூப்பிட முடியாதே என்று இன்னொரு பக்கம். ஒருநாள்தானே என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை எதுவும் நடக்கவில்லை. ரைட்டரின் பெரிய போனில் அதே இரண்டு கோடுதான். சனிக்கிழமை ஜீப்காரரிடம் கேட்டால், "நாளைக்குத் தள்ளி வெச்சிருக்கறாங்களாமுங்க" என்றார். தீப்பெட்டி பையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொறுக்க முடியாமல் முதல் பஸ்ஸில் ஏற்காட்டுக்குப் போனேன். கடைக்காரரிடம் தீப்பெட்டியை நீட்டி, இப்போது போடலாமா என்று கேட்டேன். அவர் திறந்து பார்த்துவிட்டு என்னையே பார்த்தார்.

"என்னுங்ணா இது, மூக்குத்தியாட்டம் வெச்சிருக்கறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அப்பிடியெல்லாம் லாக் ஆவாதுங்ணா. ஆருங்க சொன்னா? பழைய டவரு ஓடிட்டுத்தான் இருக்குது. எப்ப நிறுத்துவாங்கன்னு எங்களுக்கே தெரியாது."

அவரே சிம்மைப் போட்டுப் போனை உயிர்ப்பித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு விட்டுவிட்டுச் சத்தம் வந்தது. நீங்கள் அணைத்து வைத்திருந்தபோது இந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தது என்று சொல்லும் செய்திகள். எல்லாம் ஒரே நம்பர். குவைத் நம்பர். வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டிருக்கிறாள், சனிக்கிழமையும் கூப்பிட்டிருக்கிறாள்.

வெளிநாட்டுக்குப் பேச ரீசார்ஜ் போடச் சொன்னேன். டிரைவருக்கு வேலை போகும் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. அவர்தான் எடுத்தார்.

"சேச்சி போயி" என்றார். "இன்னலே ஏர்போர்ட்டில் கொண்டு விட்டு. நாட்டில் எத்திக் காணும்."

"எந்த ஏர்போர்ட்டுங்க?"

"சென்னை. உங்களை கொறே விளிச்சு. ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப். சேச்சி கரைஞ்சு."

நேற்றே கிளம்பிவிட்டாள். சென்னையில் இறங்கியிருப்பாள். அழுதுகொண்டு போயிருக்கிறாள். கையில் போன் இல்லை. தம்பி நம்பர் செத்துப்போச்சு என்று நினைத்துக்கொண்டு, ஊரில் வீடும் இல்லாமல், அவள் எங்கே போவாள்? சென்னைக்குப் போகலாமா? போய்ச் சேர்வதற்குள் அவள் அங்கே இருக்கமாட்டாள். சேலத்துக்கு இறங்கினால், அவள் மேலே வருகிற பஸ் எதிரே வந்து கடந்து போய்விட்டால்? ஏற்காட்டில் இருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஏற்காட்டுப் பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

சேலத்திலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, சுற்றுலாக் கூட்டம். குல்லாய் போட்ட குழந்தைகள், செல்ஃபிக் குச்சி பிடித்த பையன்கள், சந்தைக்கு வந்த மூட்டைகள். பெரிய பெட்டியோடு எந்தப் பெண் இறங்கினாலும் ஓடினேன். அவள் குவைத் போன பிறகு முகம் எப்படி மாறியிருக்கும் என்றுகூடத் தெரியாது. கண்டக்டர் ஒருவர், "ஏனுங்க, ஆரத் தேடறீங்க?" என்று கேட்டார். அக்கா என்றேன். "போன் போட்டுக் கேளுங்களே" என்றார். அடுத்த பஸ்ஸுக்கு நகர்ந்தேன். சாப்பிடப் போகவில்லை. போகிற நேரத்தில் வந்துவிட்டால்? போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்ததில் வேர்வையில் பட்டன் எல்லாம் பிசுபிசுத்தது.

வெயில் சாயும் நேரத்தில் போன் அடித்தது. களத்தம்மாவின் நம்பர். சிம்மைக் குங்குமத் தாளில் சுருட்டி வைத்தவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று ஒருகணம் புரியவில்லை.

"ஏன்டா, நம்பர மாத்தாதன்னு சொன்னனா இல்லையா?"

அக்காவின் குரல்.

"மாத்தலக்கா. அதே நம்பருதான்."

"பின்ன ஏன் எடுக்கல? நான் என்னன்னு நெனைக்கட்டும்? செத்துக்கித்துப் போயிட்டயோன்னு..."

"சிம்மக் கழட்டி வெச்சிருந்தேன்."

"எதுக்கு?"

பின்னால் களத்தம்மா பேசுவது கேட்டது. "அவன வையாத கண்ணு, நாங்க எல்லாருந்தாங் கழட்டுனோம். என்ற சிம்மயே இப்பத்தான நீ போட வெச்ச?"

"நீ எங்கக்கா இருக்கற?"

"எங்க இருக்கறன்னா? அந்தம்மா போன்ல வழி சொன்னாங்கல்ல, குப்பனூர் பஸ்ஸு, வாழவந்தின்னு. எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். வந்து எறங்கிக் காப்பிக் களம் எதுன்னு கேட்டேன். காட்டுனாங்க. டீக் குடிச்சுட்டு உக்காந்திருக்கறேன். நீ எங்கடா இருக்கற?"

பஸ் ஸ்டாண்டில், ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன் என்பது அந்த மூட்டைக்காரர் அதட்டிய பிறகுதான் தெரிந்தது.

பொங்கல் முடிந்து மாசியில் புது டவர் ஓட ஆரம்பித்தது. பெரிய போன் வைத்திருந்தவர்களுக்கு லைன் வீட்டுக்குள்ளேயே நாலு கோடு வந்தது. அவர்கள் மரத்தில் மாட்டுவதை விட்டுவிட்டார்கள். மடிக்கிற போன் வரவில்லை. சித்திரையில் வரும் என்றார்கள், பிறகு ஆடி என்றார்கள். பழைய டவரை நிறுத்துவதும் அதேபோல் தள்ளிக்கொண்டே போகிறது. ஒருநாள் நிறுத்தத்தான் போகிறார்கள். என் சிம் இன்னும் அந்த மேனேஜர் பேரில்தான் இருக்கிறது.

அக்கா அந்த எஸ்டேட்டிலேயே தங்கிவிட்டாள். களத்தில் பலகை பிடிக்கிறாள். தன் பேரில், தன் கைரேகை வைத்து ஒரு சிம் வாங்கினாள். என்னை எதிரில் உட்காரவைத்து, அந்த நம்பரைப் பார்க்காமல் சொல்லச் சொல்லி, தப்பினால் மறுபடி ஆரம்பிக்க வைத்தாள். மிளகு பறிப்பு முடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன். இப்போது வேறு ஊர், வேறு வேலை. சாயங்காலம் அவளைக் கூப்பிடுவேன். மணி போவதற்கு முன் ஒரு சின்ன அமைதி இருக்கும். இன்றைக்குத்தான் நிறுத்திவிட்டார்களோ என்று அந்த நேரத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொள்வேன். பிறகு மணி போகும்.

அவளுடையதும் பட்டன் போன், மரத்தில்தான் தொங்குகிறது. அவள் பக்கத்திலேயே நின்றாலும் எடுப்பது களத்தம்மா. யார் என்று தெரிந்தாலும் விடமாட்டார்.

"எப்ப வர்ற சாமி? வந்தா ஏற்காட்டு பஸ்ல ஏறிறாத. குப்பனூர் வழி..."

முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.